கியர் பெட்டியும் கிரீஸ் படியாத கைகளும்

காரின் கியர் பெட்டியை வீட்டு முற்றத்தில் வைத்துக் கழற்றுவது படித்தவர் செய்யத் தகுந்த காரியமல்ல என்றொரு கருத்து எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. அண்மைக் காலத்தில் அக்கருத்துக்கு ஒரு துணையும் கிடைத்திருக்கிறது. "நீங்கள் திறக்க வேண்டாம், எம்மிடமே கொண்டு வாருங்கள்" என்கிறார்கள் வாகன உற்பத்தியாளர்கள். முன்னையது கைத்தொழிலை இழிவாகப் பார்க்கும் பழைய திமிர், பின்னையது வியாபாரம். இரண்டும் கூடி எம்மிடமிருந்து பறிப்பது ஓர் அறிவுத்துறையை என்பதே எனது வாதம்.

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. ஆயினும் ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொரிஸ் மைனர்களும் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தவை அந்தக் கார்கள்தாம். அவற்றின் கியர் பெட்டிகள் மாமர நிழலில் கழற்றிப் பூட்டப்பட்டதை எனது இருபதுகளில் அருகிருந்து பார்த்தவன் நான். அதைச் செய்தவர்களிடம் பட்டம் இருக்கவில்லை. கலைப்பட்டம் பெற்ற எம் போன்றோர் அவர்களை "கராஜ்காரன்" என ஒருமையில் அழைத்துக்கொண்டே அவர்கள் ஓட வைத்த கார்களில் ஏறிச் சென்றோம்.

இது வெறும் உடலுழைப்பு என்போர் சற்றே கேட்கட்டும். கியர் பெட்டியின் முன்தண்டு கிளச் தட்டின் நடுவே புகுந்து நிற்கிறது. போல்ட்டுகளைக் கழற்றியபின் பெட்டியின் பாரம் முழுவதையும் அத்தண்டில் தொங்கவிட்டால் தட்டு வளைந்துவிடும். ஆகவே, பாரத்தைத் தாங்கியபடி நேர் பின்னோக்கி இழுக்க வேண்டும். எஞ்சினின் பின்புறத்துக்கும் தனியே முட்டுக் கொடுக்க வேண்டும். மீளப் பூட்டும்போது தட்டு மையத்தில் நிற்காவிட்டால் தண்டு உள்ளே போகாது. பழைய தண்டொன்றைச் செருகி மையம் பார்ப்பார்கள். காரணமும் விளைவும் அறிந்து, வரிசை பிசகாமல் செய்யும் இச்செயலை அறிவு என்னாமல் வேறென்னவென்பது?

இனி வியாபாரத்துக்கு வருவோம். தானியங்கிக் கியர் பெட்டியின் எண்ணெய் "ஆயுட்காலத்துக்கும் போதுமானது" எனப் பல கார் நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால், பல ஐரோப்பியக் கார்களுக்கு அப்பெட்டிகளைச் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் எண்ணெயை மாற்றுமாறு கூறுகிறது. யாருடைய ஆயுட்காலம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநில மக்கள், வாகனத்தைத் திருத்துவதற்கான தகவல்கள் உரிமையாளருக்கும் சுயாதீன கராஜ்களுக்கும் கிடைக்க வேண்டுமென 2012 இலும் 2020 இலும் வாக்களித்தார்கள். எமது நாட்டிலோ அத்தகைய கோரிக்கையின் குரலே பலமாக எழவில்லை.

ஆபத்து இல்லையா என்பீர்கள். உண்டு. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் படுப்பது தற்கொலைக்கு ஒப்பானது. உறுதியான தாங்கிகளை வைத்து, சில்லுகளுக்கு அணை கொடுத்த பின்னரே உள்ளே போக வேண்டும். ஹைபிரிட் கார்களின் செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் பாயும். அதற்கெனப் பயிற்சி பெறாதவர் தொடவே கூடாது. வடித்த எண்ணெயை வளவில் ஊற்றுவது அதனினும் பெரிய குற்றம். சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். சுன்னாகத்தின் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை நாம் இன்னும் மறந்துவிடவில்லை. ஆனால், இவை யாவும் கற்பிப்பதற்கான காரணங்களேயன்றித் தடுப்பதற்கான காரணங்களல்ல. கற்பியாது விட்டால், அரைகுறையாகப் பார்த்துச் செய்பவனே காரின் கீழ் அகப்படுவான்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீளத் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளும் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். வரியும் விலையும் ஏறியிருக்கும் இன்றும் சாதாரண குடும்பமொன்றுக்குப் பழைய கார்தான் கதி. நாளை இன்னொரு நெருக்கடி வந்தால் அக்கார்களை ஓட வைக்கப்போவது யார்?

புலம்பெயர் நாடுகளில் வாழும் நண்பர்களே, ரொறன்ரோவிலும் லண்டனிலும் உங்கள் அயலவரான வைத்தியரும் வழக்கறிஞரும் வார இறுதியில் காரின் கீழ் படுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே அது கௌரவமான பொழுதுபோக்கு. ஊரில் மட்டும் அது எப்படி இழிதொழிலாயிற்று? ஊருக்குப் பணம் அனுப்பும்போது கோபுரங்களோடு ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். கியர் பெட்டியைக் கழற்றுவது எப்படி என்பதைப் படங்களுடன், பாதுகாப்பு முறைகளுடன் நல்ல தமிழில் விளக்கும் நூல்கள் எமது வாசிகசாலைகளுக்கு வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் கிரீஸ் படிந்த கைகளுக்குரியவரின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுதட்டும். முதலில் அவரை "ஐயா" என்றழைக்கப் பழகிக்கொள்ளட்டும்.