சம்பளமும் வாடகையும் ஒரே கையில்



பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வருகிற பெற்றோர் உங்களில் நிறையப் பேர். சிகாகோ என்றால் பிள்ளைகள் உயரமான கட்டடங்களையும் மிச்சிகன் ஏரியையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை, நகரின் தெற்கே உள்ள புல்மனுக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இப்போது அது தேசிய வரலாற்றுப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது.

ரயிலில் படுத்துத் தூங்கும் சொகுசுப் பெட்டிகளைச் செய்து பெரும் பணக்காரரானவர் ஜார்ஜ் புல்மன். 1880-ல் அவர் தொழிற்சாலையோடு, வேலை செய்பவர்களுக்கான ஒரு முழு ஊரையும் கட்டத் தொடங்கினார். மணிக்கூண்டு வைத்த ஆலை அலுவலகம், மகள் ஃபுளோரன்ஸ் பெயரில் ஹோட்டல், பச்சைக் கல்லில் தேவாலயம், வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள்.

வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், கேஸ், கழிவுநீர் போக வழி. அந்தக் காலத்தில் சிகாகோவின் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு இதெல்லாம் கனவு. கைக்குழந்தையோடு குடித்தனம் நடத்துகிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒரு வீட்டைக்கூட யாரும் விலைக்கு வாங்க முடியாது. எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம், எல்லாவற்றுக்கும் வாடகை. தேவாலயத்துக்கும்தான். வாடகை கட்டுப்படியாகாமல் அது சில ஆண்டுகள் பூட்டியே கிடந்தது.

1893-ல் பொருளாதாரம் சரிந்தது. கம்பெனி பலரை வேலையைவிட்டு அனுப்பியது, மற்றவர்களின் கூலியை ஏறக்குறைய கால் பங்கு வெட்டியது. வாடகையை மட்டும் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்கு டிவிடெண்டும் குறையவில்லை. வாடகை போக மளிகைக்கு என்ன மிஞ்சியிருக்கும்? கூலி போதவில்லை என்று வீட்டுக்காரரிடம் தவணை கேட்கலாம் என்றால், கூலியை வெட்டியவரே வீட்டுக்காரர். யாரிடம் போய் நிற்பது?

1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே யூனியன், புல்மன் பெட்டிகளைத் தொடமாட்டோம் என்றது. நாட்டின் பெரும்பகுதியில் ரயில்கள் முடங்கின. அதிபர் குரோவர் கிளீவ்லாந்து ராணுவத்தை அனுப்பினார். உயிர்கள் போயின, போராட்டம் தோற்றது, டெப்ஸ் சிறைக்குப் போனார். புல்மன் இறந்த மறு ஆண்டு, 1898-ல், தொழிலுக்கு வேண்டாத வீடுகளையெல்லாம் விற்றுவிடும்படி இல்லினாய் உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கு உத்தரவிட்டது.

1960-ல் இந்த ஊரை இடித்துவிட்டுத் தொழிற்பேட்டை அமைக்கத் திட்டம் வந்தது. குடியிருந்தவர்களே சங்கம் வைத்துத் தடுத்தார்கள். இன்று நீங்கள் பார்க்கப்போகும் வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. அதனால் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காமல் தெருவில் நடந்து பாருங்கள்.

பக்கத்திலேயே ரயில் போர்ட்டர்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். புல்மன் பெட்டிகளில் படுக்கை விரித்த கறுப்பினத் தொழிலாளர்களை டெப்ஸின் யூனியனே சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் 1925-ல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தனிச் சங்கம் கண்டு, 1937-ல் அதே கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்