சமாதானத்தின் விலையை யாரிடம் கேட்பது?

சமாதானம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்போர் எங்கும் சிலரே. அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதே வினா. இஸ்ரேல்–பலஸ்தீன சமாதானம் பற்றி அமெரிக்கர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அவர்கள் என்ன பதில் சொன்னாலும் அவர்களுடைய கூரைக்கு ஆபத்தில்லை.

இலங்கையில் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2001 முதல் நடத்திய சமாதானக் கருத்துக்கணிப்புகளில் மலையகத் தமிழரின் கருத்தும் தனியே பதிவானது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின் நடந்த பேச்சுவார்த்தைகள் வடக்கு கிழக்கைச் சுற்றியே அமைந்தன. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட லயங்கள் தாக்கப்பட்டபோதோ, தனிநாடு கேளாத இம்மக்களே வடக்கின் பெயரால் அடிவாங்கினர். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழும் இவர்களுக்குச் சமாதானம் என்பது எல்லைக்கோடு அன்று. இரவில் அச்சமின்றி உறங்குவது.

2008 ஜனவரியில் உடன்படிக்கையிலிருந்து அரசு விலகியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. இன்றும் எனது கருத்து இதுதான்: பெரும்பான்மை விழுக்காடு, பார்வையாளரையும் பலியாவோரையும் ஒரே தராசில் நிறுக்கிறது. சமாதானம் குறித்து முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள், அது தவறினால் அடிபடப்போகிறவர்களே.