எங்கே நிற்க வேண்டும்?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, திருச்சியில் எங்கள் பேட்டையை அடுத்த நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்த வேளையில், பள்ளிச் சீருடையும் இரட்டைப் பின்னலும் முதுகில் கனத்த பையுமாக, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வந்த ஒரு பெண், விதி எப்படிச் சொல்லுகிறதோ அப்படியே சாலையின் இடது ஓரமாக வந்து, வெள்ளைக் கோட்டுக்கு இப்பால் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். நேரே போகவேண்டியவள், ஆகையால் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தாள். ஆனால் அந்தச் சந்தியில், இடப்புறம் திரும்புகிறவர்கள் விளக்குக்காக நிற்கவேண்டியதில்லை என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் ஒரு காரும், காருக்குப் பின்னால் ஒரு வேனும், அதற்கும் பின்னால் நாலைந்து மோட்டார் சைக்கிள்களும் வந்து சேர்ந்து, ஒரே சமயத்தில் ஹார்ன் அடிக்கத் தொடங்கின. அவள் திடுக்கிட்டுச் சைக்கிளை வலப்பக்கமாக நகர்த்தினாள். அங்கே நின்ற பஸ்ஸின் படியிலிருந்து நடத்துநர், "ஏ பாப்பா, நடுவுல வந்து நிக்கிறியே! ஓரமாப் போம்மா!" என்று அதட்டினார். ஓரத்திலும் இடமில்லாமல் நடுவிலும் இடமில்லாமல், கடைசியில் அவள் சைக்கிளை நடைபாதைமேல் ஏற்றிக்கொண்டு வந்தாள். பத்திரிகை வாங்கப் போயிருந்த நான் அங்கே நின்றவன், பின்சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஓரமாப் போகணும்னு சொல்றாங்க, ஓரமா நின்னா ஹார்ன் அடிக்கிறாங்க. நான் எங்கே நிக்கணும் தாத்தா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லுவதற்குள் பச்சை விளக்கு வந்துவிட்டது, அவளும் போய்விட்டாள். இந்த நான்கு நாட்களாக அந்த விடையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மெதுவாகச் செல்லுகிறவர்கள் இடது ஓரமாகச் செல்லவேண்டும் என்பது நியாயமான விதி. இடப்புறம் திரும்புகிறவர்கள் யாருடைய வழிக்கும் குறுக்கே போகாதவர்கள், ஆதலால் அவர்களை வீணாக நிறுத்திவைக்க வேண்டாம் என்பதும், தனியாகப் பார்த்தால், நியாயமான சலுகைதான். ஆனால் இந்த இரண்டு நியாயங்களும் சந்திக்கிற இடத்தில் சைக்கிளோடு ஒரு குழந்தை நிற்கக்கூடும் என்று, இரண்டையும் வகுத்தவர்களில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, அந்தச் சலுகை சில சந்திகளுக்கு மட்டும் உரியது என்பதையும் நாம் மறந்துவிட்டோம். அதற்கென்று அறிவிப்புப் பலகையோ பச்சை அம்புக்குறியோ இல்லாத சந்தியில், சிவப்பு எரியும்போது இடப்புறம் திரும்புகிறவரும் நின்றே ஆகவேண்டும். அவை இருக்கிற சந்தியிலும், குறுக்கே நடப்பவருக்கு வழிவிட்ட பிறகே திரும்பவேண்டும். சலுகை நாளடைவில் உரிமையாகி, இப்போது அந்த உரிமைக்குக் குறுக்கே நிற்பவர் குற்றவாளியாக எண்ணப்படும் நிலைமைக்கு வந்திருக்கிறோம்.

நான் சைக்கிள் கற்றுக்கொண்ட காலத்தில் சாலை இத்தனை குழப்பமாக இல்லை. புதுக்கோட்டையில், மணிக்கணக்குக்கு வாடகைச் சைக்கிள் விடும் கடையில், காலணா அரையணாவாகச் சேர்த்துவைத்த காசைக் கொடுத்து, கால் எட்டாத வயதில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டுப் பழகினோம். அந்நாளில் சைக்கிளுக்கும் சட்டம் உண்டு. உள்ளூராட்சிக்கு வரி கட்டி ஒரு தகட்டு வில்லை வாங்கி வண்டியில் பொருத்தவேண்டும். இருட்டினால் விளக்கு எரியவேண்டும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு 'டபுள்ஸ்' போனால் போலீஸ்காரர் பிடித்து, டியூபில் உள்ள காற்றைத் திறந்துவிட்டு, வீடுவரை தள்ளிக்கொண்டு போகச் செய்வார். அது தண்டனையாக இருந்தாலும், சைக்கிள்காரனும் சாலையின் ஒரு பிரஜை, அவனுக்கும் கடமைகள் உண்டு என்று அரசாங்கம் கருதியதற்கு அடையாளமாகவும் இருந்தது. பிறகு வில்லை மறைந்தது, வரி மறைந்தது, டைனமோ விளக்கும் மறைந்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் வாகனம் என்றால் எந்திரத்தால் ஓடுவது. மிதிப்பதால் ஓடும் சைக்கிளுக்கு அதில் உரிமமும் இல்லை, பரீட்சையும் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழையின் வாகனத்துக்கு உரிமம் வேண்டாம் என்பதே தர்மம். உரிமம் வேண்டாம் என்று விட்ட கையோடு, போதனையும் வேண்டாம் என்று விட்டுவிட்டோமே, அதுதான் என் குறை.

இதைச் சொல்லும்போது 1991, 1992ஆம் ஆண்டுகளில் அதே புதுக்கோட்டையில் நடந்த அதிசயம் நினைவுக்கு வருகிறது. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தைக் கற்பித்ததோடு நில்லாமல் சைக்கிளையும் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும், அதுவரை வேறொருவர் தயவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும், பல்லாயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறினார்கள். ஊர்க் கண் அவர்களைப் பழித்தது, அவர்கள் இறங்கவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டம், அந்த மாறுதலைத் தமிழகம் முழுவதற்கும் கொண்டுபோயிற்று. நாற்சந்தியில் நான் கண்ட பெண் அந்தப் பரம்பரையின் பேத்தி. தாய்மார்கள் ஊரின் பழிச்சொல்லை வென்று பெற்ற சாலையை, மகளிடமிருந்து ஹார்ன் சத்தத்தால் நாம் பிடுங்கிக்கொள்ளலாகுமா?

ஹார்ன் அடித்தவர்கள் கொடியவர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு நாம் என்ன கற்பித்தோம்? மோட்டார் சைக்கிள் உரிமம் கேட்டு வருகிறவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டுகிறார். எட்டுப் போடுவது வண்டியை அடக்கும் வித்தை. பிறரோடு சாலையைப் பகிர்ந்துகொள்ளும் வித்தை அன்று. அந்த இரண்டாவது வித்தையைச் சாலையே கற்றுக்கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டபடியால், சாலையில் ஆளுக்கொரு பாஷை உண்டாகிவிட்டது. எதிரே வரும் வண்டி முன்விளக்கைச் சிமிட்டினால், இங்கிலாந்தில் பெரும்பாலோர் 'நீங்கள் போகலாம்' என்று அதற்குப் பொருள் கொள்வார்கள். நம் நாட்டிலோ 'நான் வந்துகொண்டிருக்கிறேன், விலகு' என்பதே அதன் அர்த்தம். பழுதாகி நிற்கும் வண்டிக்கென்று அமைத்த நான்கு விளக்குகளையும் ஒருங்கே எரியவிட்டு, 'நேரே போகிறேன்' என்று தெரிவிப்பதாக நம்மில் பலர் நம்புகிறார்கள். பக்கத்தில் வருகிற சைக்கிள்காரர் கண்ணுக்கு ஒரு பக்கத்து விளக்கே தென்படுவதால், வண்டி தம் பக்கமாகத் திரும்பப்போகிறது என்று அவர் அஞ்சி ஒதுங்குகிறார். ரவுண்டானாவில் யாருக்கு முன்னுரிமை என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். பத்து விதமான விடை கிடைக்கும். உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை என்பது விதி. இடப்பக்கம் செல்லும் நம் வழக்கத்தில் அவர் எப்போதும் நமக்கு வலப்புறத்திலிருந்தே வருவார்; ஆகையால், வலப்புறத்திலிருந்து வருகிறவருக்கு நின்று வழிவிடு என்று ஒரே வாக்கியத்தில் இதைக் குழந்தைக்கும் கற்பிக்கலாம். ஒரே வாக்கியத்தில் கற்பிக்கக்கூடிய விதியையும் கற்பிக்காமல் விட்டிருக்கிறோம் என்பதே வருத்தம்.

இந்தப் பாஷைக் குழப்பம் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் அதன் விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை. காரும் காரும் உரசினால் தகடு நசுங்கும். காரும் சைக்கிளும் உரசினால் எலும்பு முறியும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது பௌதிக சாஸ்திரம். மேலும், சைக்கிளுக்கு ஒரு சுபாவம் உண்டு. அதை ஒருமுறையாவது மிதித்தவர்களே அறிவார்கள். அது நேர்க்கோட்டில் செல்லும் யந்திரம் அன்று. இடமும் வலமுமாகச் சிறிது சாய்ந்து சாய்ந்துதான் தன்னை நிமிர்த்திக்கொள்கிறது; நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதும் பாலத்து மேட்டில் ஏறும்போதும் அந்தச் சாய்வு அதிகமாகிறது. சாலையின் ஓரத்தில்தான் மணலும் சாக்கடை மூடியும் உடைந்த கண்ணாடியும் கிடக்கின்றன. அவற்றுக்கு விலகிச் சைக்கிள்காரர் ஒரு முழம் உள்ளே வந்தே தீரவேண்டும். பெரிய பஸ் ஒன்று அருகே உரசிக்கொண்டு கடந்தால், அது இடிக்காவிட்டாலும் அதன் காற்றே அவரைத் தள்ளாட வைக்கும். ஆகவேதான் ஜெர்மனியில் 2020 முதல், ஊருக்குள் சைக்கிளைக் கடக்கும் மோட்டார் வாகனம் குறைந்தது 1.5 மீட்டரும், ஊருக்கு வெளியே 2 மீட்டரும் விலகிச் செல்லவேண்டும் என்று சட்டமே அளவு குறித்திருக்கிறது. பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதிநூல், அதிகத் தீங்கு செய்யக்கூடிய வாகனத்தை ஓட்டுகிறவருக்கே அதிகப் பொறுப்பு உண்டு என்று தொடங்குகிறது.

இது அந்நிய நாட்டுத் தர்மம் என்று யாரும் ஒதுக்கவேண்டாம். 1989ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்குப் பதிலாக நம் மத்திய அரசாங்கம் 2017இல் வெளியிட்ட மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டிகள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் வாகனம் ஓட்டுகிறவர் பிரத்யேகக் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெளிவாக விதித்திருக்கிறது. பிரிட்டன் திருத்திக்கொள்வதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பே நமக்குச் சட்டம் இருந்தது. இல்லாதது, அந்தச் சட்டம் இருக்கிறது என்ற ஞாபகம் ஒன்றுதான்.

சைக்கிளில் செல்லுகிறவர்களுக்கும் உரிமையோடு ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நடுத்தடுப்பில் திரும்பும் இடைவெளி அரை மைலுக்கு அப்பால் இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையில் வருகிறோம். சுற்றிப் போகும் சிரமம் எனக்குத் தெரியும். மிதிப்பது அவரவர் முழங்கால் அல்லவா? ஆயினும், சந்திலிருந்து சாலைக்குத் திரும்பும் வண்டிக்காரர் வண்டிகள் வரும் வலப்புறத்தைத்தான் பார்ப்பார். இடப்புறத்திலிருந்து நாம் வருவோம் என்று எதிர்பார்க்கமாட்டார். எதிர்த்திசையில் இருவர் வேகமும் கூடிவிடுவதால், நம்மைக் கண்டபிறகு நிறுத்துவதற்கும் அவருக்கு அவகாசம் இராது. இருட்டில் விளக்கும் பின்புறத்துச் சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லாமல் செல்வது, நம் உயிரை மட்டுமின்றி, நம்மை இடித்துவிட்டு ஆயுள் முழுவதும் வருந்தப்போகிற ஒருவரின் நிம்மதியையும் பணயம் வைப்பதாகும். வலப்புறம் திரும்பவேண்டுமானால், போக்குவரத்து நெருங்கிய இடத்தில் பழைய ஆசிரியர்கள் சொன்னபடி இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. டென்மார்க்கில் சைக்கிள்காரர் எதிர்ப்பக்கத்துக்குத் திரும்பும்போது, முதலில் நேரே கடந்து மறுமுனையில் நின்று, பிறகே அடுத்த திசையில் செல்லவேண்டும் என்பதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

பரிகாரம் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. சென்னை மாநகராட்சி 2014இல், நடப்பவருக்கும் சைக்கிளில் செல்பவருக்குமென்று ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை அவர்களுக்காகவே செலவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அத்தனை பெரிய தீர்மானத்தைச் சிறிய ஊர்களிடம் நான் கேட்கவில்லை. சந்தியில் மோட்டார் வாகனங்கள் நிற்கும் கோட்டைச் சில மீட்டர் பின்னுக்குத் தள்ளி, அதற்கு முன்னால் சைக்கிள்கள் நிற்பதற்கு ஒரு கட்டம் வரைந்தால் போதும். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இது சாதாரண வழக்கம். வேண்டியது சில டப்பா வெள்ளைச் சாயமும் ஓர் இரவு வேலையுமே. பள்ளியில் சைக்கிள் வழங்கும் விழா நாளில், வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கி, விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு நாற்சந்தி வரைந்து, போக்குவரத்துக் காவலர் ஒருவரைக் கொண்டு பிள்ளைகளுக்கு நிற்கவும் திரும்பவும் கையால் சைகை காட்டவும் கற்பிக்கலாம். உரிமம் கேட்டு வருகிறவர் எட்டுப் போடுவதற்கு முன்னால், சைக்கிள் ஒன்றில் ஏறி ஒரு நாற்சந்தியைக் கடந்து வரட்டும். பின்னால் ஹார்ன் அடித்தால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை அதற்குப் பிறகு அவருக்கு யாரும் விளக்கவேண்டியிராது.

வெள்ளிக்கிழமை காலை அதே சந்தியில் அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தேன். இடப்புறம் திரும்புகிறவர்களுக்கு ஓரத்தை விட்டுவிட்டு, நேரே போகிற வரிசையின் முன்னால், கோட்டை ஒட்டி, பஸ் ஓட்டுநரின் கண்ணில் நன்றாகப் படும்படி நிற்கவேண்டும் என்றும், பெரிய வண்டியின் இடப்பக்கத்து விலாவோடு ஒட்டி மட்டும் ஒருபோதும் நிற்கலாகாது, அங்கே இருப்பவரை ஓட்டுநர் காணமுடியாது என்றும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு பெடலில் காலை வைத்தவள், ஒரு கணம் நின்று, "அது என்னோட இடம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு தாத்தா. பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பின்னால் வருகிறவர்களே, உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இந்த வாரம் இதை எழுதினேன்.