மடித்த மடலும் ஓர் அமானிதமே!

 

தபால் தலை சேகரிக்கும் பழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். உறையின் மூலையைக் கத்தரித்து, நீரில் ஊறவைத்து, தலையை மட்டும் உரித்தெடுத்து ஆல்பத்தில் ஒட்டி வைப்பார்கள் பிள்ளைகள். உறையும் அதனுள் இருந்த கடிதமும் குப்பைக்கூடையைச் சேரும். ஆனால், தபால் தலையே பிறவாத காலத்துக் கையெழுத்துக் கடிதங்களைத் தேடித் திரட்டுவோரும் உலகில் இருக்கின்றனர். அவர்களால் இப்படிச் செய்ய இயலாது. ஏன் இயலாது என்பதில்தான் இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி அடங்கியிருக்கிறது.

உலகின் முதல் ஒட்டுத் தபால் தலை 1840ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதற்கு முன் அந்நாட்டில் கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். கடிதம் எவ்வளவு தூரம் வந்தது, எத்தனை தாள்கள் கொண்டது என்று கணக்கிட்டு வசூலித்தனர். உறை ஒன்றைச் சேர்த்தால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே, எழுதிய தாளையே மடித்துச் செருகி, அரக்கு முத்திரையிட்டு, அதன் புறத்தே முகவரி எழுதினார்கள். இன்னொரு தாளின் கட்டணத்தைத் தவிர்க்க, எழுதிய பக்கத்தையே குறுக்காகத் திருப்பி, வரிகளின் மேலேயே வரிகள் எழுதியோரும் உண்டு.

ஏழைகள் என்ன செய்தனர்? கவிஞர் கோல்ரிட்ஜ் நேரில் கண்டதாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தபால்காரர் நீட்டிய கடிதத்தைப் பணமில்லை என்று ஒரு பெண் மறுத்தாள். கவிஞர் இரங்கித் தாமே கட்டணத்தைச் செலுத்தினார். பிரித்துப் பார்த்தால் தாள் வெறுமையாக இருந்தது! வெளியூரிலுள்ள சகோதரன் நலமாயிருக்கும் வரை வெற்றுத்தாளை அனுப்புவான். அதன் புறத்தைக் கண்ட அளவிலேயே அவன் நலத்தை அறிந்து, வாங்காமல் திருப்பிவிடுவாள் சகோதரி. இதுவே அவர்களிடையே இருந்த ஏற்பாடு. ரோலண்ட் ஹில் என்பார் 1837இல் வெளியிட்ட அஞ்சல் சீர்திருத்த நூலில் இதனையும் எடுத்துக்காட்டினார். தூரம் எதுவாயினும் குறைந்த ஒரே கட்டணம், அதுவும் அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்துவது என்ற அவருடைய யோசனையிலிருந்தே தபால் தலை பிறந்தது.

நம் நாட்டிலும் கம்பெனி ஆட்சியின் அஞ்சல் 1774இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னையில் தலைமை அஞ்சலகம் 1786இல் ஏற்பட்டது. 1837ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் அனுப்ப ஒரு ரூபாய் ஆயிற்று; ஆக்ராவுக்கோ 12 அணா. 1852இல் சிந்து மாகாணத்திலும், 1854 அக்டோபர் முதல் நாடெங்கும் தபால் தலைகள் புழக்கத்துக்கு வந்தன. கால் தோலாக் கடிதம் அரை அணாவில் நாட்டின் எம்மூலைக்கும் செல்லலாயிற்று.

அதற்கு முந்திய கடிதங்களில் கட்டணத்தைக் காட்டும் கையெழுத்துக் குறிப்பும், அஞ்சலக முத்திரையும் மட்டுமே இருக்கும். பணம் செலுத்தியதா, 'பேரிங்' கடிதமா என்பதை அவற்றைக் கொண்டே அறிய வேண்டும். தலை இல்லாத கடிதமெல்லாம் பழங்கடிதமன்று. தலைகள் வந்த பின்னரும் 'பேரிங்' கடிதங்கள் சென்றன; ஒட்டிய தலை உரிக்கப்பட்ட கடிதங்களும் உண்டு. எனவே தேதி, முத்திரை, தாள், மடிப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தே சேகரிப்போர் ஆராய்கின்றனர்.

இப்போது முன்னர்க் கேட்ட கேள்விக்கு விடை விளங்கியிருக்கும். முகவரியும் முத்திரையும் கட்டணக் குறிப்பும் எந்தத் தாளில் உள்ளனவோ, அதே தாளின் மறுபுறத்தில்தான் ஓர் உள்ளத்தின் சொற்களும் உள்ளன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய முடியாது. முத்திரையை விரும்பி வாங்கியவரும், யாரோ ஒருவருடைய அந்தரங்கத்துக்குக் காவலராகிவிடுகிறார்!

கடிதத்தை நடத்தும் விதம் மனிதரின் தரத்தைக் காட்டிவிடும் என்பதற்கு நம் வரலாறே சான்று. ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அரசர்களுக்கு மடல்கள் விடுத்தார்கள். முத்திரையில்லாத கடிதத்தை ரோமர்கள் படிப்பதில்லை என்று கூறப்பட்டபோது, வெள்ளி மோதிரம் ஒன்றில் முத்திரை பொறிக்கச் செய்தார்கள். ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் அம்மடலைக் கண்ணியத்தோடு ஏற்று விசாரித்தார். பாரசீகத்தின் கிஸ்ராவோ கிழித்தெறிந்தான். மடல் ஏந்திய செய்தி ஒன்றே; அதைப் பெற்ற கைகள்தாம் வேறு.

நெதர்லாந்தின் ஹேக் நகரைச் சேர்ந்த ஓர் அதிசயப் பெட்டி உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு அஞ்சல் அதிபராயிருந்த சைமன் தெ பிரியன் என்பவருடையது. ஆள் இல்லாமலும், இறந்துபோனதாலும், வாங்க மறுத்ததாலும் சேராமற்போன ஏறத்தாழ 2,600 கடிதங்களை, என்றேனும் ஒருநாள் கட்டணம் கிடைக்கும் என்று அவர் அதில் போட்டு வைத்தார். அவற்றுள் சுமார் 600 கடிதங்கள் ஒருபோதும் பிரிக்கப்படாதவை. 1926இல் அப்பெட்டி அருங்காட்சியகம் ஒன்றைச் சேர்ந்தது.

அக்கடிதங்களின் முத்திரையை உடைத்துப் படிப்பது எளிது. ஆனால், உடைத்தால் அன்று மடித்த கையின் வேலைப்பாடு அழிந்துவிடும். பல ஆண்டுகள் பொறுத்திருந்த ஆய்வாளர்கள், பற்களை ஆராய்வதற்கென அமைந்த நுண் எக்ஸ்ரே கருவியால் கடிதத்தைப் படமெடுத்து, மடிப்புகளைக் கணினியிலேயே விரித்துப் படித்து, அதனை 2021இல் உலகுக்கு அறிவித்தனர். 1697 ஜூலை 31ஆம் நாளிட்ட அக்கடிதத்தில், ஒருவர் ஹேக் நகரிலிருந்த தம் உறவினரான வணிகரிடம், குடும்பத்தில் இறந்துபோன ஒருவருடைய மரணச் சான்றின் நகலைக் கேட்டிருந்தார். அவ்வளவுதான்! முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்பே அவ்வேண்டுகோள் வாசிக்கப்பட்டது.

அதே பெட்டியில் இன்னொரு கடிதம். இக்கட்டில் சிக்கிய ஓர் இசைக்கலைஞருக்காக, அவருடைய தோழி ஒரு செல்வந்தரிடம் உதவி கோரி எழுதியது. செல்வந்தர் அதை வாங்கவே மறுத்துவிட்டார். உரியவர் படிக்க மறுத்த துயரத்தை இன்று உலகமே படிக்கிறது. இதை எண்ணும்போது நம் உள்ளம் சற்றே கூசவில்லையா?

பிறருடைய இரகசியங்களைத் துருவி ஆராய்வதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. இறந்தோரின் குறைகளைப் பேசாதிருக்கவும் கற்பித்திருக்கிறது. அப்படியானால் பழங்கடிதங்களைச் சேர்ப்பதே தவறா? ஃபத்வா வழங்குவது இப்பக்கத்தின் நோக்கமன்று. எனினும், கற்பதற்காகப் படிப்பது வேறு, குறை காண்பதற்காகப் படிப்பது வேறு என்பதை நாம் அனைவரும் உணரலாம். அன்றைய விலைவாசி, பயண வழிகள், நோய்கள், உறவுமுறைகள், பேச்சுமொழி ஆகியவற்றை வரலாற்று நூல்களைவிட ஒரு சாமானியரின் கடிதம் தெளிவாய்ச் சொல்லிவிடும். அந்த அறிவைப் பெறுவோம், மானத்தைக் காப்போம். ஒரே குடும்பத்தின் கடிதக்கட்டைப் பிரித்து, முத்திரை அழகுக்கேற்ப ஆளுக்கொன்றாய் விற்பது மட்டும் பெருங்கொடுமை. கேள்வி ஒரு நாட்டிலும் பதில் வேறொரு நாட்டிலுமாய்ச் சிதறிய பின், அக்குடும்பம் பேச்சிழந்துவிடுகிறது.

வாசக நேயர்களே! ஏலக் கூடங்களுக்கு நாம் போக வேண்டியதில்லை. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வாணிபத்துக்காகச் சென்ற நம் முன்னோர் எழுதிய கடிதங்கள், நம்மில் பலர் வீட்டுப் பரண் மேல் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். அவற்றில் தலை ஒட்டியவையும் இருக்கும். பயணம் வந்தவர் கையில் கொடுத்தனுப்பியவையும் இருக்கும். சில அரபுத் தமிழில் எழுதப்பட்டிருக்கும். அவ்வெழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க வல்ல பெரியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இவற்றைச் செல்லரித்த காகிதம் என்று எரித்துவிடாதீர்கள். தபால் தலைக்காக மூலையைக் கத்தரிக்கவும் விடாதீர்கள்.

கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். ஈரமும் வெயிலும் படாத இடத்தில், எந்தக் கட்டில் இருந்ததோ அந்தக் கட்டாகவே வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதைத் தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஆனால், குடும்பத்துப் பெரியவர்களின் சம்மதமின்றி ஊரெல்லாம் பரப்பாதீர்கள். அரபுத் தமிழ் அறிந்த பெரியவர் அருகில் இருந்தால், இந்த வாரமே அவரிடம் சென்று படிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியவரும் பெற்றவரும் மறைந்துவிட்டனர். நம்பி ஒப்படைக்கப்பட்ட அந்தத் தாள் இன்று நம் கையில் இருக்கிறது. அமானிதத்தைப் பேணுவோராக வல்ல நாயன் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.