தீவுக்காரர்களின் கப்பலில் நமக்கும் ஓர் இடம்

மாசி பிறந்ததும் போடி மலையில் ஏலக்காய் எடுப்பு ஓய்ந்துவிடும். விடிவதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் தோட்ட ஜீப்புகள் குறைந்துவிடும். செடிக்குத் தண்ணீர் காட்டச் சில ஆட்கள் போதும். போடியில் காய் பொறுக்கும் பெண்களுக்கும் வேலை மெலிந்துவிடும். மழை இறங்கி அடுத்த காய் திரளும்வரை கொஞ்சம் மூச்சுவிடக் கிடைக்கும் காலம் பங்குனியும் சித்திரையும்தான். டூர் பேச்சு எழுவதும் அப்போதுதான். ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று வேன் பிடித்துப் போய்வந்தவர்கள், கைபேசியில் சொகுசுக் கப்பல் விளம்பரம் பார்த்துவிட்டு, “ஒரு ராத்திரியாவது கடல்மேல தூங்கி எந்திரிக்கணும்க்கா” என்கிறார்கள். நியாயமான ஆசை. வசதி படைத்தவர்களுக்கே உரிய ஆசை இது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மலைக்காரர்களும் தங்கள் வருமானத்துக்குள் தீவு பார்த்து வரலாம். எந்தக் கப்பலில் போவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கடலுக்கு அந்நியமான ஊர் இல்லை. அதன் வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு முனை கொச்சி, மறுமுனை தொண்டி. மூணாறு வரையிலான 42 கி.மீ. சாலையை அகலப்படுத்திய பிறகு மேற்குப் பக்கப் பயணம் எளிதாகிவிட்டது. கிழக்கே, 1928-இல் வந்த மதுரை–போடி ரயில் பாதை அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் போடிவரை மீண்டும் திறந்தது. துறைமுகம் வரை போய்ச்சேர இன்று வழிக்குக் குறைவில்லை.

முதலில் அந்த விளம்பரத்தைப் பார்ப்போம். ‘தலைக்கு இவ்வளவு’ என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்குவதற்கான கணக்கு. துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, பணியாளர்களுக்கான சேவைத்தொகை எல்லாம் அதற்கு மேல். தீவில் இறங்கிச் சுற்றிப்பார்க்கத் தனிக் கட்டணம். பருவமும் பொருந்தாது. சென்னையிலிருந்து 2022 ஜூனில் தொடங்கிய ‘எம்பிரஸ்’ கப்பல் மறு ஆண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போய்வந்தது. ஆனால், அது சென்னைக்கு வருவது மேற்குக் கரையில் மழை பிடிக்கும் மாதங்களில். பங்குனியில் அந்தக் கப்பல் அரபிக்கடல் பக்கம் இருக்கும். நமக்கு ஓய்வு கிடைக்கும் மாதத்தில் நம் கரையில் கப்பல் இல்லை.

கடல் பயணம் எங்கெல்லாம் மலிவாக இருக்கிறது என்று தேடினால் ஓர் உண்மை புலப்படும். தீவில் வாழ்பவர்களின் அன்றாடத் தேவைக்காகப் படகு ஓடும் இடத்தில்தான் வெளியூர்க்காரருக்கும் கட்டுபடியாகும் கட்டணம் இருக்கிறது. கையருகே இருக்கும் சான்று கொச்சி வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்தச் சேவை, கொச்சியைச் சுற்றியுள்ள காயல் தீவுகளை நகரத்தோடு இணைப்பதற்காக ஏற்பட்டது. 78 படகுகள், 38 படகுத்துறைகள் என்பது முழுத் திட்டம். தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். வைப்பின், போல்காட்டி, முளவுகாடு என்று ஒரு நாள் முழுக்கத் தீவு தீவாக இறங்கி ஏறினாலும், மதுரை போய்வரும் பஸ் செலவை ஒட்டித்தான் ஆகும். அங்கே எனக்கு மிகவும் பிடித்தது படகுத்துறை. மிதவை மேடை என்பதால் வேலியேற்றத்தோடு உயர்ந்து, வற்றத்தோடு தாழ்கிறது. படகின் தளமும் மேடையும் எப்போதும் சமமாக இருக்கும். சரிவில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்த தோட்டத்துப் பெண்கள் யார் கையையும் பிடிக்காமல் படகுக்குள் நடந்துபோகலாம்.

கடல்மேல் தூங்கி எழ வேண்டும் என்றால் லட்சத்தீவுதான். கொச்சியிலிருந்து 220 முதல் 440 கி.மீ. தொலைவு வரை சிதறிக் கிடக்கும் 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை பத்து. அந்த மக்களுக்காகவே அரசு பயணிகள் கப்பல்களை ஓட்டுகிறது. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு நடத்திய ‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் பயணம் இந்தக் கப்பல்களை வைத்து அமைந்ததுதான். இரவில் கப்பலில் உறக்கம், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று நாளுக்கொரு தீவு. தனியாக விடுதிச் செலவு இல்லை. நுழைவு அனுமதி இல்லாமல் இந்தியர்களும் அங்கே கால் வைக்க முடியாது என்பதால், அனுமதிக்கும் சேர்த்து நாள் ஒதுக்கி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. பல தீவுகளில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும். பக்கவாட்டுக் கதவு வழியாக, ஏறி இறங்கும் சிறு படகுக்குள் காலை வைக்க வேண்டும். அலை உயரும் கணம் பார்த்துக் கப்பல் ஆட்கள் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப்போவதா என்பதைச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் கப்பலின் படுக்கை யாருடையது என்பதையும் மறக்கக் கூடாது. கொச்சி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளி, கேரளத்தில் படிக்கும் மாணவி, கருவாடும் அரிசியும் சுமக்கும் வியாபாரி எல்லோருக்கும் அதுதான் முக்கிய வழி. 2021 டிசம்பரில் ‘கவரத்தி’ கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. 700 பேரை ஏற்றும் கப்பல் அது. அப்படி ஒரு கப்பல் படுத்துவிட்டால் தீவு மக்கள்தான் டிக்கெட்டுக்குத் திண்டாடுகிறார்கள். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த பிறகு நாடே லட்சத்தீவைத் தேடத் தொடங்கியது. சுற்றுலா ஒதுக்கீட்டில் இடம் இருந்தால் போகலாம். அவர்களுக்கான மலிவு வகுப்புச் சீட்டை ஆள்பிடித்து வாங்குவது பெரிய பாவம்.

கிழக்கே நிலைமை வேறு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியபோது ஒருவழிக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய். சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ வந்தபோது கட்டணம் குறைந்தது. கடவுச்சீட்டு எடுத்து அக்கரை சேர்ந்துவிட்டால், குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஊர்மக்கள் போகும் படகிலேயே போகலாம். அங்கும் மலிவுக்குக் காரணம் தீவுக்காரர்களின் தேவைதான். மாசி, பங்குனியில் வரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து கடவுச்சீட்டு இல்லாமலே விசைப்படகில் போகிறார்கள். ஆனால், அது வேண்டுதலோடு போகிறவர்களின் பயணம். மீனவர் கைதுகளைக் கண்டித்து 2024-இல் அதையே புறக்கணித்தார்கள் என்றால் அந்தப் படகுகளுக்குப் பின்னால் உள்ள வலி புரியும். அதை டூர் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயிரம் கி.மீ.க்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில், சாமானியர்கள் கடலில் போக அரசு நடத்தும் பெயர் சொல்லும்படியான சேவை கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் கழகம் ஓட்டும் படகுகள்தான். பெரும்பாலும் விவேகானந்தர் பாறைக்குச் சில நிமிடம்தான். 1974-இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் முதன்மை வேலை மின்நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவருவது. கேரளத்தைப் பாருங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021-இல் குறைந்த செலவுச் சுற்றுலாவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. ஊர் ஊராக டிப்போவிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, கொச்சியில் அம்மாநில அரசின் 200 பேர் ஏறும் ‘நெஃபர்டிடி’ கப்பலில் சில மணி நேரம் கடலுக்குள் கூட்டிப்போய், இரவே ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள். பஸ்ஸும் கப்பலும் ஒரே டிக்கெட். போடி பணிமனையிலிருந்து பங்குனி, சித்திரை வார இறுதிகளில் இப்படி ஒரு பஸ் விடுவதற்கு என்ன தடை? இரு மாநிலக் கழகங்கள் உட்கார்ந்து பேசினால் முடியும். மலைக்கு அந்தப்புறம் உள்ள தோட்டங்களில் தினமும் காய் எடுத்துக் கொடுப்பவர்கள் இந்தப்புறத்துத் தமிழ்ப் பெண்கள்தான். அந்த உழைப்புக்கு இது பெரிய கைமாறு ஒன்றும் இல்லை.

அரசுப் படகு என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் இந்த மலைத்தொடர் பார்த்திருக்கிறது. 2009 செப்டம்பரில் தேக்கடியில் கேரள அரசு சுற்றுலாக் கழகத்தின் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்கள். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில், கோடைக்கு முன் ஏற்பாட்டாளர்கள் மலையேற அழைத்துவந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முதலில் ஓடி ஏறிக் காப்பாற்றியவர்களில் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். எனவே, செலவைக் குறைக்கிறேன் என்று அனுமதியிலும் உயிர்க்காப்பு உடையிலும் கைவைக்கும் ஏற்பாட்டாளரோடு போகவே கூடாது. படகில் ஏறும்போது எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் பலகையைப் பாருங்கள். கூட்டம் மிஞ்சினால் இறங்கிவிடுங்கள்.

பணத்துக்கு நம்மிடம் பழகிய வழி இருக்கிறது. கோயில் டூருக்குச் சீட்டுப் போடுகிறவர்கள் கடலுக்கும் போடலாம். பத்துப் பேர் மாதம் 500 ரூபாய் வீதம் பத்து மாதம் கட்டினால் 50,000 ரூபாய் சேரும், ஆளுக்கு 5,000. கொச்சி, வாட்டர் மெட்ரோ, ஓரிரவுத் தங்கல் என்றால் இதுவே தாராளம். லட்சத்தீவு என்றால் இரண்டு ஆண்டோ, அதற்கு மேலோ கட்ட வேண்டியிருக்கும்; காத்திருக்கத் தகுந்த பயணம்தான் அது. நோட்டை ஒருவரும் பணத்தை இன்னொருவரும் வைத்துக்கொள்வது பின்னால் மனஸ்தாபம் வராமல் காக்கும். தோட்டத்தில் காசு புரள்வது ஆடிக்குப் பிறகு என்பதால் சீட்டை அப்போது தொடங்கி, சித்திரைக்குள் தொகை கைக்கு வரும்படி நாள் குறிக்க வேண்டும். வைகாசி பிறந்துவிட்டால் அரபிக்கடல் கொந்தளிக்கத் தொடங்கும், கப்பல்களும் குறையும்.