ஒரே ராத்திரியில் உருவாகும் தசை

"பயோ எல்லாம் நமக்கு எதுக்கு பாஸ்?" மெக்கானிக்கல், ஈ.சி.இ. பசங்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்பீங்க. ப்ளஸ் டூ நோட்டை அப்பவே எடைக்குப் போட்டாச்சு. சரி, ஆனா ஃபைனல் இயர் புராஜெக்ட் என்று வந்தால் மறுபடியும் அதே லைன் ஃபாலோயர், அதே ஸ்மார்ட் டஸ்ட்பின். என் கருத்து இதுதான்: நம்ம ஈ.சி.ஆரிலேயே, கொடுவா மீனின் முட்டைக்குள்ள, அதைவிட நல்ல கன்ட்ரோல் சிஸ்டம் பிரச்சினை ஒன்று இருக்கு.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் முட்டுக்காடு. அங்கே 'சிபா' எனப்படும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கு. கொடுவாவை 1997-லும் பால்மீனை 2015-லும் வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தவர்கள் இவர்கள். கொடுவா முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ராத்திரியில் இடும். தண்ணீர் 28 டிகிரி வாக்கில் இருந்தால் 17, 18 மணி நேரத்தில் குஞ்சு வெளியே வந்துடும்.

அதுக்குள்ள தசை எப்படி உருவாகுது? இதை அதிகம் ஆராய்ந்தது ஜீப்ரா மீனில். கரு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே நடப்பது அப்படியே தெரியும். முதுகுநாணை ஒட்டி இருக்கும் செல்கள்தான் முதலில் மெதுவான தசைநார்களாக மாறும். அப்புறம் அவை இருந்த இடத்திலேயே இருக்காமல், பக்கத்துச் செல்களை ஊடுருவித் தோலுக்கு அடியில் போய் நிற்கும். அவை கடந்து போகிற வழியில் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, நீண்டு, வேகமான தசையாகும். மெஸ்ஸில் மீன் துண்டில் தோலை ஒட்டி ஒரு கறுப்புச் சதை இருக்குமே, ஒதுக்கி வைப்பீங்களே, அது அந்த மெதுவான தசைதான். நிற்காமல் நீந்துகிற சூரைக்கு அது அதிகம். வெள்ளைச் சதை திடீர்ப் பாய்ச்சலுக்கு.

சுமார் 17 மணி நேரத்தில் ஜீப்ரா மீன் கரு துடிக்கத் தொடங்கும். மூளையிலிருந்து கட்டளை வராமலே, தண்டுவட நரம்புகள் மட்டும் அந்த முதல் துடிப்பை ஓட்டுது. எம்பெடட் படிக்கிறவங்க இதை ரசிப்பீங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஜீப்ரா மீன் கருக்களை 22, 26, 31 டிகிரியில் வளர்த்து, பொரிந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலையில் வைத்துப் பார்த்திருக்காங்க. பெரிசானதும் 26-இல் வளர்ந்தவற்றுக்குத்தான் தசைநார்கள் அதிகம். முட்டைக்குள் இருந்த கொஞ்ச நேரத்து வெப்பநிலை கடைசி வரைக்கும் உடம்பில் தங்கிடுது. இந்த எண்ணை அப்படியே கொடுவாவுக்குக் காப்பி அடிக்க முடியாது, வேற மீன், வேற தண்ணி. கொடுவாவை வைத்துத்தான் அளக்கணும். குஞ்சு வாங்கி வளர்க்கிறவருக்கு விற்பது சதைதானே!

அளக்க என்ன வேணும்? ஒவ்வொரு தொட்டியும் ராத்திரி முழுக்க செட் பண்ணின வெப்பநிலையிலேயே நிற்கணும். நாம ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குகிற டி.எஸ்.18பி20 சென்சாரின் துல்லியம் அரை டிகிரி, கூடவோ குறையவோ. காலிபரேட் பண்ணாமல் அதை நம்ப முடியாது. தசையை வெட்டி, சாயமேற்றி, எண்ணுவதற்கு விலங்கியல் பசங்க துணை வேணும், கேட்டால் வருவாங்க. ஹீட்டர் சுலபம். செங்கல்பட்டு வெயிலில் தண்ணியைக் குளிரவைப்பதுதான் கஷ்டம். பெல்டியர் ஒரு பீக்கருக்குச் சரி, நூறு லிட்டர் தொட்டிக்குத் தாங்காது. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை அரியர் வைக்காமல் பாஸ் பண்ணினவங்க யாராவது இருந்தால், டீமில் முதல் இடம் உங்களுக்குத்தான்.