குரல் ஓயும் வேளை



2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை, ஒரகடத்தை அடுத்த ஒரு வாடகை வீட்டிற்கு, காய்ச்சலில் படுத்திருந்த இளைஞர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். குமரி மாவட்டக் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து வந்து, இங்குள்ள தொழிற்சாலைகளில் பணியாற்றும் ஐவர் அவ்வீட்டில் சேர்ந்து வாழ்ந்து வந்தனர். தூத்தூர், சின்னத்துறை வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குக் கடலுக்கு அடுத்த உறவு கால்பந்துதான் என்பதை அப்பக்கம் சென்று வந்தோர் அறிவர். ஓய்வு நாள் மாலைகளில் கடற்கரை மணலே அவர்களுக்கு மைதானம். இங்கு வந்தபின் மணல் இல்லை. இரவுப் பணி உண்டு. ஆகவே விளையாடுவது குறைந்து, பார்ப்பது மிகுந்துவிட்டது.

நாம் படியேறும்போதே உள்ளே உரத்த வாக்குவாதம் கேட்டது. வாடகைப் பணத்தில் ஏதோ பிணக்கு என்று எண்ணினோம். அன்று. மார்ட்டின் டைலர் என்னும் ஆங்கிலேயக் கால்பந்து வர்ணனையாளர், ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் 33 ஆண்டுகள் பணியாற்றியபின் விலகினார் என்ற செய்தியே அந்தப் போருக்குக் காரணம்.

"நல்லதுதான் பாதர். கொஞ்ச வருஷமாகவே அந்தக் குரலில் உயிரில்லை. கோல் விழுந்தாலும் வானிலை அறிக்கை வாசிப்பது போலத்தான் சொல்வார்" என்றார் ஒருவர்.

"உனக்கு நன்றியே கிடையாதடா. அவர் குரலைக் கேட்டுத்தானே நீ விளையாட்டையே கற்றாய்?" என்று சீறினார் மற்றவர்.

பாயில் படுத்திருந்தவரோ, "இரண்டும் சரிதான் பாதர். போகட்டும் என்றுதான் நினைத்தேன், போய்விட்டார் என்றதும் என்னவோ செய்கிறது" என்றார். காய்ச்சல்காரரின் சொல்தான் நம் உள்ளத்தில் தைத்தது.

அம்மனிதரைப் பற்றிச் சிறிது சொல்வோம். 1945-இல் பிறந்த டைலர், 1974-இல் தொலைக்காட்சியில் வர்ணனை செய்யத் தொடங்கியவர். 2003-இல், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தன் முதல் பத்தாண்டின் சிறந்த வர்ணனையாளராக அவரைச் சிறப்பித்தது. 2012-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள், மான்செஸ்டர் சிட்டி அணி 44 ஆண்டுகளாகக் காத்திருந்த பட்டம் ஆட்டத்தின் இறுதி நொடிகளில் கைகூடியபோது, கோல் அடித்த அகுவேரோவின் பெயரை அவர் நீட்டி முழங்கியது உலகெங்கும் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறது. நம் இளைஞர் பலர் அவரை மைதானத்தின் வழியாக அறிந்ததைவிடக் கணினி விளையாட்டின் வழியாகவே அறிந்தனர். ஃபீஃபா என்னும் அவ்விளையாட்டில், 2005-இல் வெளியானது தொடங்கிச் சுமார் பதினைந்து ஆண்டுகள் அவர் குரலே ஒலித்தது. ஓர் அறையில் இருவர் விசைகளைத் தட்டிக்கொண்டிருக்க, உடன் மூன்றாமவராக அமர்ந்திருந்தது அக்குரல்.

அதே மனிதர், 2022-இல் ஒரு வானொலி நேர்காணலில், 97 உயிர்களைப் பறித்த ஹில்ஸ்பரோ மைதானத் துயரத்தை ரசிகர் வன்முறையோடு சேர்த்துப் பேசுவதுபோல் சில சொற்களைச் சொல்லி, பலர் மனத்தைப் புண்படுத்தினார்; பின்னர் மன்னிப்புக் கேட்டார். புகழும் உண்டு, பிழையும் உண்டு. ஆகவே அவர் விலகியபோது ஒருவர் கண்ணீர் விட்டதும், மற்றொருவர் பெருமூச்சு விட்டதும் வியப்பன்று. பல வேளைகளில் அவ்விருவரும் ஒரே ஆளாகவே இருந்தனர்.

ஒரு குரல் நம்மை இவ்வளவு ஆட்கொள்வது ஏன்? 1986-ஆம் ஆண்டு மெக்சிகோவில் உலகக் கோப்பை நடந்தபோது நமக்கு வயது பதினாறு. ஊரில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது பங்குக் குருவின் இல்லத்தில் மட்டுமே. நள்ளிரவில் நாற்பது பேர் தரையில் நெருங்கி அமர்ந்து பார்த்தோம். வர்ணனை ஆங்கிலத்தில். எங்களுள் பாதிப்பேருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் மரடோனா பந்தோடு ஓடத் தொடங்கியதும் அந்தக் குரல் ஏறியது, நாங்களும் எழுந்தோம். இன்று அச்சொற்களில் ஒன்றும் நம் நினைவில் இல்லை. குரல் ஏறியது மட்டும் நினைவிருக்கிறது. நம் அருகில் அமர்ந்திருந்த தந்தையாரின் தோளும் நினைவிருக்கிறது. தந்தையார் இன்று இல்லை. இப்படித்தான் ஒரு குரல் நம் ஆண்டுகளையும் நம் மனிதரையும் தன்னோடு கட்டிவைத்துக்கொள்கிறது. அது ஓயும்போது நாம் வருந்துவது அதற்காக மட்டுமன்று.

ஆனால் தொழில் என்று வந்தால் அது இரக்கம் காட்டுவதில்லை. 1927-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள், ஆர்சனல் அணிக்கும் ஷெபீல்டு யுனைடெட் அணிக்கும் நடந்த ஆட்டத்தை பி.பி.சி. வானொலி முதன்முதலாக நேர்முகமாக வர்ணித்தபோது, மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த படத்தைப் பத்திரிகையில் அச்சிட்டு, பந்து எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதையும் கூறி வந்தனர். வானொலி வர்ணனையாளர் காணாதவருக்குக் கண்ணாக வேண்டும். தொலைக்காட்சி வர்ணனையாளரின் பாடோ வேறு. காண்பவருக்கும் கண்ணுண்டு, பேசுபவர் அரை நொடி பிந்தினாலும் பிழை தெரிந்துவிடும். மைதானத்தின் உயர்ந்த மேடையிலிருந்து 22 வீரர்களை நடையாலும் முதுகாலும் இனம் காண வேண்டும். எங்கே பேசாதிருப்பது என்பதையும் அறிய வேண்டும். முதுமையில் முதலில் தளர்வது கண்ணா, குரலா, சுறுசுறுப்பா என்று சொல்வதற்கில்லை. ஆனால் தளர்ச்சியைப் பேசுகிறவர் அறியுமுன்னே கேட்கிறவர் அறிந்துவிடுகிறார்.

அப்படியானால் விடை கொடுப்பது எப்படி? ஜான் மோட்சன் என்பவர் மெதடிஸ்டு போதகர் ஒருவரின் மகன். 1968-இல் பி.பி.சி.யில் சேர்ந்து ஐம்பது ஆண்டுகள் பணியாற்றியவர். அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறப்போவதாக 2017 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார். 2018 மே மாதத்தில் பி.பி.சி.க்காகக் கடைசியாக ஒலிவாங்கியைப் பிடித்தார். இடையில் இருந்த எட்டு மாதங்களில், சொல்ல விரும்பியவர் சொல்லவும், அவர் கேட்கவும் இடமிருந்தது. 2023 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

நம் நாட்டில் நோவி கபாடியா இருந்தார். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கல்சா கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். இந்தியக் கால்பந்தின் குரல் என்றே அழைக்கப்பட்டவர். ஒன்பது உலகக் கோப்பைகளைக் கண்டு எழுதியும் பேசியும் வந்தவர். வெறுங்காலோடு ஆடிய நம் வீரர்களின் காலம் முதலான வரலாற்றை 2017-இல் நூலாக்கித் தந்தார். எந்த வீரர் எந்த ஆண்டு எந்தச் சங்கத்திற்கு ஆடினார் என்பதை ஏடு புரட்டாமலே சொல்ல வல்லவர். இயக்க நரம்புகளைத் தாக்கும் கொடிய நோய் அவரை ஒலிவாங்கியிலிருந்து பிரித்தது. சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் காலம் கழித்து, 2021 நவம்பர் 18-ஆம் நாள் மறைந்தார். மறுநாள் புகழுரைகள் குவிந்தன. அவற்றுள் எத்தனை, அவர் படுக்கையருகே சென்று சொல்லப்பட்டிருக்கும் என்று அந்நாளில் எண்ணினோம். எண்ணியபோது நம் முகமே நமக்கு முன் நின்றது.

ஏனெனில் நாமும் ஒரு குரலை ஓய்வித்திருக்கிறோம். முன்னொரு பங்கில் எழுபது வயது கடந்த உபதேசியார் ஒருவர் ஞாயிறுதோறும் அறிவிப்புகளை வாசித்து வந்தார். நாளடைவில் தேதிகள் மாறின, செவ்வாய் புதனாயிற்று. இளைஞர் சிரித்தனர், பெரியோர் முறையிட்டனர். முறையீடு நியாயமானதே. ஒரு ஞாயிறன்று நாம் அவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஓர் இளம் ஆசிரியையிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டோம். உபதேசியார் கையில் தாளோடு எழுந்து நின்றார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். அடுத்த வாரமுதல் கடைசித் தூணருகே உட்கார்ந்தார். ஒரு குறையும் சொன்னதில்லை. அழைத்து நன்றி கூற வேண்டும் என்று நாம் எண்ணியதெல்லாம் உண்மை. நாள்தான் வாய்க்கவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்தார். அடக்கப் பூசையில் அவருடைய நாற்பதாண்டு உழைப்பைக் கால் மணி நேரம் புகழ்ந்தோம். ஊரே கேட்டது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

அவரை நிறுத்தியது தவறென்று இன்றும் நாம் கருதவில்லை. நன்றி சொல்லாமல் நிறுத்தியதே தவறு. "பாவம், வயதானவர்" என்று பிழையை மூடி மறைப்பது அன்பாகாது. "வாசிக்கத் தெரியவில்லை" என்று நாற்பதாண்டை மறப்பது நீதியாகாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு வேண்டும். அந்தப் பாயில் கிடந்த இளைஞருக்கு அது எளிதாக வந்துவிட்டது.

அன்றைய வாக்குவாதம் ஓய்ந்தபோது, அதுவரை சோறு வடித்துக்கொண்டிருந்த மூத்தவர், அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "நானும் ஓய்வு பெற்றவன்தான் பாதர். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு. எனக்காக யாரும் இப்படிச் சண்டை போடவில்லையே!" 2014-இல் இவ்வட்டாரத்துக் கைப்பேசி ஆலையொன்றில் ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம் பெண்களும் அவ்வாறு வெளியேறியதைப் பழைய வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் சிரித்தனர்; பிறகு சற்று நேரம் எவரும் பேசவில்லை. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் இச்சாலையில் ஒப்பந்தம் முடிந்து, பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறவர் நாள்தோறும் உண்டு. உலகறிந்த குரலுக்கு விடை கொடுக்க ஆளுண்டு. பக்கத்துப் பாயில் படுத்தவருக்கு விடை கொடுக்க வேண்டியவர் நாமே.

ஆகவே அன்பர்களே, உங்கள் இல்லத்திலோ தெருவிலோ ஆலையிலோ ஓய்ந்த குரல் ஒன்று இருக்கும். பாட்டுக் கற்பித்தவராகவோ, முதல் நாள் இயந்திரத்தை இயக்கக் காட்டியவராகவோ, நாள்தோறும் உங்களைப் பெயர் சொல்லி அழைத்த வாயிற்காவலராகவோ இருக்கலாம். இம்மாதம் முடியுமுன் அவரைத் தேடிச் செல்லுங்கள். பெரிய சொற்பொழிவு வேண்டாம். "இதை உங்களிடம் கற்றேன்" என்ற ஒரு சொல் போதும். முதியோரே, நீங்களும் பிறர் சுட்டுமுன் தாளை மடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கடினந்தான். நமக்கும் அந்த நாள் வரும். மறையுரை நீள்கிறது என்று சிலர் கைக்கடிகாரத்தை நோக்குவதை நாம் அறியாமல் இல்லை.

நோயாளியை ஆசீர்வதித்துப் புறப்பட்டபோது, இரவுப் பணிக்குச் செல்லும் பேருந்து வந்துவிட்டது. நன்றிக்காகச் சீறியவரும், நல்லதுதான் என்றவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து சென்றனர்.